ரூஃப் காங்கிரீட்டுக்குள் கம்பியைத் திருடிவிட்டார் கான்ட்ராக்டர்: வீடு கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மதுரைக்கு வெளியே எங்கள் சொந்த மனையில், மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடி ரேட் பேசி ஒரு கான்ட்ராக்டரிடம் வீடு கட்டக் கொடுத்தோம். குடிவந்த இரண்டாவது மழைக்காலத்தில் ஹால் சீலிங்கில் நேர்கோடு போல ஒரு விரிசல், அதை ஒட்டிச் செம்பழுப்புக் கறை. ஃபோன் செய்தால், "அண்ணே, அது பூச்சு விரிசல், எல்லா வீட்டுலயும் வரும், பையனை அனுப்பிப் பட்டி பாக்கச் சொல்றேன்" என்றார். பையன் வந்து பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். அடுத்த பெரிய மழைக்கு அதே இடம் பூச்சோடு பெயர்ந்து அம்மா வழக்கமாக உட்காரும் சோபாவில் விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார்.

அதன்பிறகு வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்தோம். சின்னச் சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ஓரங்களில் கெட்டிச் சத்தம், ஹால் நடுவில் பொள்ளலான சத்தம். அங்கே கொத்திப் பார்த்தால் பூச்சை எடுத்ததுமே கம்பி தெரிகிறது, விரலால் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. ஸ்லாபில், அதாவது கூரைத் தளத்தில், கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மி.மீ. காங்கிரீட் (இதைத்தான் கவர் என்பார்கள்) இருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, அதற்காகத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைப்பது. ஒன்று சில ரூபாய்தான் வரும். அதைக்கூட வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் ஷீட் (காங்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் தகடு) மேலேயே படுக்கப் போட்டுக் காங்கிரீட்டைக் கொட்டியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் ஈரம் நேராகக் கம்பிக்குப் போகும், துருப்பிடித்த கம்பி உப்பும், உப்பி அடியில் இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிவிடும். எங்கள் வீட்டில் விழுந்தது இப்படித்தான்.

கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை வைத்து அவர் சீலிங்கில் சாக்பீஸால் கோடு போட்டபோதுதான் அடுத்தது தெரிந்தது. டிராயிங்கில் 6 அங்குலத்துக்கு ஒரு கம்பி என்று இருக்கிறது, மேலே இருப்பதோ 9, சில இடங்களில் 10 அங்குலத்துக்கு ஒன்று. அப்பா சைட்டில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். காங்கிரீட் போட்ட அன்று விடிகாலையில் எடுத்த படத்திலேயே இடைவெளி தெரிகிறது, கவர் பிளாக் ஒன்றுகூட இல்லை. "நம்ம இன்ஜினியர் வந்து செக் பண்ணிட்டாரு ஐயா" என்று அன்றைக்கு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார் கான்ட்ராக்டர். அப்படி யாரும் வரவே இல்லை என்று பிளான் போட்ட இன்ஜினியர் பிற்பாடு எங்களிடமே சொன்னார்.

இன்னொன்று. பின்பக்கம் மிச்சக் கம்பித் துண்டுகள் கிடந்தன. 10 எம்எம் கம்பி ஒரு மீட்டர் 617 கிராம் இருக்க வேண்டும், 7 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். சரியாக ஒரு மீட்டருக்கு அறுத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம், 540 கிராம் காட்டியது. கம்பியின் மேல் கம்பெனி முத்திரையும் இல்லை, ஐஎஸ்ஐ குறியும் இல்லை. ஆனால் எங்களுக்குக் காட்டிய பில் பெரிய கம்பெனி கம்பிக்கு! வயதானவர்கள் படுத்துத் தூங்கும் வீட்டின் கூரையில் இப்படிச் செய்ய ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

துருப்பிடித்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கச் சொல்லியிருக்கிறார் இன்ஜினியர். கம்பி குறைவதால் அடியில் இரும்பு பீம் கொடுத்துத் தாங்கவும் வேண்டும். தம்பிக்காக மாடி எடுக்க நினைத்திருந்தோம், அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகவே வீடு கட்டுகிறவர்கள், கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரை, காசு கொடுத்தாவது, காங்கிரீட்டுக்கு முந்தின நாள் வரவழைத்துக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று எழுத்தில் கொடுக்கும்வரை மிக்சர் மெஷின் சைட்டுக்குள் வரக் கூடாது, அந்தக் கட்டத்துக்கான பணமும் போகக் கூடாது. கம்பி வந்து இறங்கும்போதே எடை போட்டுப் பாருங்கள். காங்கிரீட் அன்று தண்ணீரைக் கவனியுங்கள்: எம்20 என்ற தரத்துக் காங்கிரீட் கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 முதல் 27 லிட்டர்தான், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும், ஆனால் தள்ளிவிடச் சுலபம் என்று வாளி வாளியாக ஊற்றுவார்கள். அதே கலவையில் 15 செ.மீ. கியூப் (கனசதுரக் கட்டி) மூன்று போட்டு வைத்து 28ஆம் நாள் ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரி லேபில் உடைத்துப் பார்த்தால் பலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சென்ட்ரிங் பிரித்ததும் அடிப்பக்கத்தை நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் சிமெண்ட் பால் பூசவே விடாதீர்கள், பொந்து பொந்தாக இருப்பதை மறைப்பது அந்த நேரத்தில்தான்.

அக்ரிமென்டில் 'முதல் தரக் கம்பி' என்று மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். கம்பியின் தரம் எஃப்இ 500டி, காங்கிரீட்டின் தரம் எம்20, எந்தக் கம்பெனி, கவர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் விஷயத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்குப் போக வழியில்லை, அது பில்டர் கட்டி விற்கும் வீடுகளுக்கானது, சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டுவதற்குப் பொருந்தாது. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டோம். இன்ஜினியர் அறிக்கை, அப்பா எடுத்த படங்கள், அந்தக் கம்பித் துண்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வழக்குக்குப் போவதால் அவர் பெயரை இங்கே போடவில்லை.