ஊட்டிக்குப் போகும் ஆய்வு மாணவர்களுக்கு எடுரோம் வைஃபை

வெளிக் கல்லூரியிலிருந்து நீலகிரிக்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு எடுரோம் (eduroam) பெரிய உதவி. சொந்தக் கல்லூரிக் கணக்கை வைத்தே மற்ற வளாகங்களின் வைஃபையிலும் சேரவிடும் ஏற்பாடு இது. இந்தியாவில் இதை எர்னெட் (ERNET) என்ற மத்திய அரசின் கல்வி, ஆய்வு வலையமைப்பு நிறுவனம் நடத்துகிறது. சொந்தக் கல்லூரியும் போகிற வளாகமும் இதில் சேர்ந்திருந்தால் அங்கே யாரிடமும் பாஸ்வேர்டு கேட்டு நிற்க வேண்டாம்.

முதல் இணைப்பைச் சொந்த வளாகத்திலேயே முடித்துவிட்டு மலையேறுங்கள். பயனர்பெயரை @ குறியோடும் அதன்பின் வரும் கல்லூரி முகவரியோடும் முழுதாக அடிக்க வேண்டும். வெறும் பெயர் சொந்த வளாகத்தில் சிலசமயம் வேலை செய்யும், ஊட்டியில் செய்யாது. எந்தக் கல்லூரி சர்வரிடம் கேட்பது என்று சொல்வதே அந்தப் பின்பகுதிதான். போன் கீபோர்டு சிலசமயம் பெயரின் கடைசியில் தானாக ஓர் இடைவெளி விடும், அதை அழித்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் உள்நுழைவு முறை கேட்டால் பெரும்பாலும் பீப் (PEAP), அதற்கடுத்த கட்டத்துக்கு எம்எஸ்சாப் வி2 (MSCHAPv2) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எதிரில் இருப்பது உங்கள் கல்லூரி சர்வர்தானா என்று பார்க்கும் சான்றிதழ் சரிபார்ப்பைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அதே பெயரில் போலி வைஃபை வைத்தால் பாஸ்வேர்டு பறிபோகும். உங்கள் கல்லூரி ஆதரித்தால் கெட்எடுரோம் செயலியே எல்லாவற்றையும் நிரப்பிவிடும். போனில் தேதி தவறாக இருந்தாலும் சான்றிதழ் ஏற்காது. பாஸ்வேர்டு மாற்றினால் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

இணைந்த பிறகும் வேகம் இல்லையென்றால் சுவரைப் பாருங்கள். பழைய கட்டடங்களின் தடித்த கருங்கல் சுவரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை எளிதில் தாண்டாது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு தாண்டும். ரவுட்டர் இருக்கிற அறைக்கே போய் உட்காருவதுதான் நல்லது. ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போய் வந்தால், ரவுட்டர் எழுந்திருக்கச் சில நிமிடம் பொறுங்கள்.