இன்ஜினை நிறுத்தியும் ஹெட்லைட் எரிகிறதா? கராஜில் காசு கொடுக்கும் முன் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பழைய பைக் ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஹெட்லைட் கோளாறு என்று ஒரு கராஜில் 18,500 ரூபா கொடுத்துப் பைக்கை எடுத்தேன். அதே பைக்கோடு பத்தனை தாண்டி இருட்டிலும் பனியிலும் நடுரோட்டில் நின்றேன். கராஜின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் போதும். வேறு கராஜ்களிலும் இதே வேலை நடக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என்னுடையது கிக் அடிக்கிற 100 சிசி பைக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து புதுசு வாங்குவது கனவாகிப்போனது. 2025இல் திறந்துவிட்ட பிறகும் அந்த விலைக்கு நம்மால் எட்ட முடியவில்லை. அதனால் தோட்டப்பக்கம் ஓடுகிற பைக்குகளில் பாதி பத்து வருசத்துக்கு மேல் பழசு. வயர் எல்லாம் அதே வயசு. மழையும் பனியும் விடாத ஊரில் கனெக்டர்களுக்குள் பச்சை பூக்காமல் என்ன செய்யும்?

கோளாறு இதுதான். ஹேண்டிலை வலது பக்கம் முழுசாகத் திருப்பினால் ஹெட்லைட் அணையும், நேராக்கினால் திரும்ப வரும். ஹோர்ன், சிக்னல், பிரேக் லைட் எல்லாம் ஒழுங்கு. பல்ப் மாற்றியும் அப்படியே. இதை அப்படியே கராஜ் பாஸிடம் சொன்னேன். ஹேண்டிலைத் திருப்பியும் காட்டினேன்.

அவர் மின்சாரம் அளக்கிற மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. "தம்பி, ஆர்.ஆர். யூனிட் போயிருச்சு. அது போனா கொயிலையும் சேர்த்துத் தின்னுரும். ரெண்டையும் செஞ்சாத்தான் ரோட்டுல நம்பிப் போகலாம்" என்றார். ஆர்.ஆர். யூனிட் என்பது வோல்ட்டைக் கட்டுப்படுத்தி பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். கொயில் என்பது இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்குகிற கம்பிச்சுருள். ரோட்டில் நம்பிப் போகலாம் என்று சொன்னால் நம்மூரில் யார்தான் மறுப்பார்கள்? சரி அண்ணே, செய்யுங்க என்றேன்.

பைக்கை எடுக்கப் போனபோது ஒரு வித்தை காட்டினார். இன்ஜின் ஓடவில்லை, சாவியை மட்டும் திருப்பி ஹெட்லைட் சுவிட்சைப் போட்டார். ஹெட்லைட் பளீரென்று எரிந்தது. "பாத்தீங்களா, இன்ஜினே இல்லாம எரியுது! முந்தி இப்படி எரிஞ்சிச்சா?" ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினார், அணையவில்லை. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆர்.ஆர். யூனிட், கொயில் கட்டியது, கூலி என்று எழுதிக் கூட்டிக் கொடுத்தார். கடையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. கழற்றிய பழைய சாமானைக் கேட்டேன். "அது அப்பவே பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான் தம்பி."

இரண்டொரு நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு இரவு ஹட்டனில் வேலை முடிந்து வரும்போது, கொட்டகலை தாண்டியதும் ஹோர்ன் சளி பிடித்த மாதிரி கத்தியது. பத்தனையில் சிக்னல் போட்டால் பல்ப் மினுங்கக்கூட இல்லை. டெவன் பக்கம் வளைவுகளில் ஹெட்லைட் மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் உள்ளே இழை மட்டும் தெரிந்தது. இன்ஜின் ஓடுகிறது, முன்னால் ஒன்றும் தெரியவில்லை. எதிரே வந்த லொறிக்காரர் என்னைக் கண்டது அவருடைய லைட் வெளிச்சத்தில்தான். அவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனார். திட்டட்டும், அவர் பிரேக் பிடித்ததால்தான் இதை எழுதுகிறேன். அங்கிருந்து தலவாக்கலை வரை போனை டோர்ச்சாகப் பிடித்துக்கொண்டு தள்ளித்தான் வந்தேன்.

என் சித்தப்பா தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷன். அடுத்த நாள் மல்ட்டிமீட்டரோடு வந்து, முதலில் வயரைப் பார்க்கவில்லை, போல்ட்டைப் பார்த்தார். மெக்னட் கவரைப் பிடித்திருக்கிற போல்ட் தலைகளில் செம்மண் இறுகிக் காய்ந்திருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் மூலைகள் மினுங்க வேண்டும், அந்த மண் உடைந்துவிழ வேண்டும். ஒரு கீறல்கூட இல்லை. "டேய், இந்தக் கவரைத் திறக்காம உள்ள இருக்கிற கொயிலை எப்படிடா கட்டுவான்?" என்றார். ஆர்.ஆர். யூனிட்டும் அப்படியே. துருப்பிடித்த போல்ட்டோடு பழையதே உட்கார்ந்திருந்தது. ஆக, மாற்றாத இரண்டு சாமானுக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

அப்படியென்றால் லைட் எப்படி எரிந்தது? சீட்டைக் கழற்றினால், பெட்டரியிலிருந்து புதிதாக ஒரு சிவப்பு வயர் டேங்குக்கு அடியால் ஓடி நேரே ஹெட்லைட் சுவிட்சுக்குப் போகிறது. கருப்பு டேப்பில் முறுக்கிய இணைப்பு. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி இழை ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார்கள். எங்கேயாவது ஷோர்ட் ஆனால் பியூஸ் எரிவதற்குப் பதில் வயரிங் முழுக்க எரியும், அதுவும் பெட்ரோல் டேங்குக்குக் கீழே. எனக்கு 18,500 ரூபாவை விட இதில்தான் கோபம் அதிகம்.

சித்தப்பா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இப்படிப்பட்ட பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பெட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜின் சுற்றும்போது மெக்னட் கொயிலில் உண்டாகிற ஏசி மின்சாரம் நேராகப் போகிறது. அதனால்தான் ரேஸ் கொடுத்தால் கூடும், ஐட்லிங்கில் மங்கும். அது கோளாறு இல்லை, அந்த பைக்கின் குணம். பெட்டரி ஹோர்ன், சிக்னல், பிரேக் லைட்டுக்கு மட்டும். அதைச் சார்ஜ் பண்ணுகிற பகுதியும் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. 35 வொட் பல்ப் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சின்ன பெட்டரியில் இதைத் தொங்கவிட்டால் உள்ளே வருவதை விட வெளியே போவது அதிகம். பகலில் தெரியாது. கராஜ் வாசலில் நல்ல பிரகாசமாக வேறு எரியும். இரவில் ரோட்டில்தான் கழுத்தை அறுக்கும்.

உண்மையான கோளாறு ஹேண்டில் கழுத்தில் இருந்தது. வயர்க்கட்டு அங்கே ஒவ்வொரு திருப்பத்துக்கும் மடிகிறது. மீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, ஒரு வயரின் இரண்டு முனையையும் தொட்டுக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினார். வலது பக்கம் போனதும் சத்தம் நின்றது. உறையைக் கீறினால் உள்ளே செம்பு பச்சையாகி, இழை இழையாக அறுந்து, இரண்டு மூன்று இழை மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தது. வெளியே ரப்பர் உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சாண் புது வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை மாட்டி, மடிகிற இடத்தில் தளர்வாக விட்டார். சிவப்பு வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு 10 ஆம்பியர் பியூஸ் போட்டார். செலவு ஒரு பிளேன்டீக்குப் பக்கத்தில்.

ஆர்.ஆர். யூனிட் போனால் அறிகுறியே வேறு. ரேஸ் கொடுத்தால் பல்ப் பல்பாக எரிந்து போகும், இல்லையென்றால் பெட்டரி சார்ஜ் ஏறாது. பெட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் போதும். நல்ல பெட்டரி நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்கும், ரேஸ் கொடுத்தால் 14க்குப் பக்கம் ஏற வேண்டும். 15ஐத் தாண்டி ஓடினாலும், 12இலேயே கிடந்தாலும் அப்போது யூனிட்டைச் சந்தேகப்படலாம். ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் அணைகிற லைட்டுக்கு யூனிட்டைக் குற்றம் சொன்னால் ஒன்று தொழில் தெரியாது, இல்லை உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்.

ஆகவே பைக்கை விடும்போதே யூனிட், கவர் போல்ட் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கழற்றுகிற பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுக்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். முன்பு அப்படி எரியாத பைக்கில் இப்போது எரிந்தால் சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்டரியிலேயே ஹெட்லைட் எரிகிற மாதிரிச் செய்த பைக்குகளும் உண்டு, அவற்றுக்கு இந்தச் சோதனை சரிவராது. அதனால் உங்கள் பைக் எந்த ரகம் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். முதலில் "எங்க கராஜுல செஞ்சதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அதே பாஸ். போல்ட் படங்களைக் காட்டியதும் குரல் இறங்கியது. பொடியன் ஒருவன் செய்த வேலை என்று சொல்லி 5,000 ரூபாவை மேசையில் வைத்தார். மீதியைக் கேட்டால் இந்த மாதம் கஷ்டம் என்கிறார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது கலண்டர் தாளும் படங்களும்தான். சித்தப்பாவை ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.