எஃப்டி கார்டுடன் மூன்று வருடம்: கிரெடிட் ஸ்கோர் 561-லிருந்து 757 வரை

2022 ஆயுத பூஜைக்கு வண்டியை வாசலில் நிறுத்திவிடலாம் என்று திருப்பூரில் ஒரு டூவீலர் ஷோரூமுக்குப் போயிருந்தோம். டயருக்கு வைக்க இரண்டு எலுமிச்சம்பழத்தை மனைவி பையில் எடுத்து வந்திருந்தாள். ஃபைனான்ஸ் டேபிளில் இருந்த பையன் டேப்லெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான். "சிபில்ல செட்டில்டுன்னு வருதுங்ணா. ரெடி கேஷ்னா இன்னைக்கே எடுத்துக்கலாங்ணா." ரெடி கேஷ் இருந்தால் நான் ஏன் அந்த டேபிளில் உட்காரப் போகிறேன்? சாயங்காலம் எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்தோம்.

கதை 2020-இல் தொடங்கியது. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, கையில் ஒரு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன். ஊரடங்கில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தேன். தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. செப்டம்பரில் பாதிச் சம்பளம். லோனைத் தட்டுத்தடுமாறி, தாமதமாகவாவது கட்டி முடித்துவிட்டேன். கார்டு கைமீறிப் போனது. 1,08,000 ரூபாய் நிலுவை என்று வந்து நின்றபோது ரெக்கவரி ஏஜென்ட் ஒருவர், "45,000 கட்டுங்க சார், ஃபைல் குளோஸ் ஆயிடும்" என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். அன்றைக்கு ராத்திரிதான் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஃபைல் குளோஸ் ஆகவில்லை. வங்கி 63,000 ரூபாயை விட்டுக்கொடுத்தது, அதை என் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று எழுதிவைத்தது. 'குளோஸ்டு' என்றால் முழுசாகக் கட்டினவன். 'செட்டில்டு' என்றால் பாதியில் பேசி முடித்தவன். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஷோரூமிலிருந்து வந்தபின் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். யார் எப்படிக் கடன் கட்டுகிறார் என்று பதிவு செய்துவைக்க சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும். ஸ்கோர் 300 முதல் 900 வரை, எனக்கு 561. அந்த எண்ணைவிட என்னை உறுத்தியது கீழே இருந்த கட்டங்கள்தான். 36 மாதத்துக்கும் மாதம் ஒரு கட்டம். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000, இல்லையென்றால் எத்தனை நாள் தாமதம் என்ற எண். என் கட்டங்களில் 000, 000, அப்புறம் 28, 59, 90, 121. மளிகைக்கடை அண்ணாச்சியின் நோட்டைப் போல, எந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு அதைப் பார்த்தே சொல்ல முடிந்தது. விரக்தியில் ஒரே வாரத்தில் நான்கு லோன் ஆப்பில் விண்ணப்பித்திருந்ததும் நான்கு விசாரணையாகப் பதிவாகியிருந்தது. நம் ஸ்கோரை நாமே பார்த்தால் குறையாது, கடன் கேட்டு அவர்கள் பார்த்தால் குறையும்.

புதிதாக நல்ல கட்டங்கள் விழவேண்டும் என்றால் ஏதாவது ஒரு கடன் ஓடவேண்டும். யாரும் கடன் தரமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் எஃப்டி கார்டு, அதாவது ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு. நவம்பரில் வேறொரு வங்கியில் 25,000 ரூபாய் டெபாசிட் போட்டேன், அதை ஈடாகப் பிடித்துக்கொண்டு 20,000 லிமிட்டில் கார்டு கொடுத்தார்கள். நம் பணத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாமே கடன்காரன் ஆவது கொஞ்சம் கேலிக்கூத்துதான். ஆனால் ரிப்போர்ட்டில் இது எல்லோருடைய கார்டையும் போல ஒரு கார்டாகத்தான் ஏறியது.

முதல் நான்கு மாதம் தவறாகப் பயன்படுத்தினேன். மளிகை, பெட்ரோல், கரண்ட் பில் எல்லாவற்றையும் அதிலேயே போட்டு, மாதம் 17,000 வரை போய், கடைசித் தேதிக்குள் ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டினேன். ஸ்கோர் அசையவே இல்லை. பிறகுதான் புரிந்தது: பொதுவாக ஸ்டேட்மெண்ட் போடும் நாளில் உள்ள பாக்கிதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது, நாம் பிறகு கட்டுவது அந்த மாதக் கணக்கில் தெரிவதில்லை. 20,000-இல் 17,000 பாக்கி என்றால் இவன் கழுத்துவரை கடனில் இருக்கிறான் என்றுதானே படும். அதன்பின் பெட்ரோலும் கரண்ட் பில்லும் மட்டும். 5,000-ஐத் தாண்டினால் ஸ்டேட்மெண்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுவேன். ஒரு வருட முடிவில் 641.

அங்கேயே நின்றுவிட்டது. 'செட்டில்டு' என்ற அந்த ஒரு வார்த்தை இருக்கும்வரை இதற்குமேல் போகாது என்று தோன்றியது. நடுவில் ஒருவர், 8,000 ரூபாய் கொடுத்தால் பழைய பதிவையே அழித்துவிடுவதாக வாட்ஸாப்பில் வந்தார். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. கடன் கொடுத்த வங்கி உறுதி செய்யாமல் சிபிலே எதையும் மாற்றுவதில்லை. அவரை பிளாக் செய்தேன்.

2024 பிப்ரவரியில் சீட்டு எடுத்த பணத்தில், விட்டுப்போன அந்த 63,000-ஐப் பழைய வங்கியிலேயே கட்டினேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா இரண்டு தடவை கேட்டார்: "செட்டில் ஆனதுக்கு மறுபடி எதுக்குங்க கட்டறீங்க?" காரணத்தைச் சொன்னேன். பாக்கி எதுவும் இல்லை என்று நோ டியூ சர்டிபிகேட் வந்தது. ரிப்போர்ட் மட்டும் மாறவில்லை. மே 6-ஆம் தேதி சர்டிபிகேட்டை இணைத்துப் புகார் கொடுத்தேன். வாரக்கணக்கில் 'பரிசீலனையில்' என்றே இருந்தது. 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது: புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதைக் குறிப்பிட்டு, அடுத்தது ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போவேன் என்றும் சேர்த்து, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். 51-ஆம் நாள் 'குளோஸ்டு' ஆனது. 2,100 ரூபாய் கணக்கில் வந்து விழுந்தது. வங்கி எனக்குக் கொடுத்த ஒரே பணம் என்று மனைவி அந்த எஸ்எம்எஸ்ஸை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

பழைய 90-உம் 121-உம் அந்தக் கணக்கின் கீழே அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அடுத்த சில மாதங்களில் 700-ஐத் தாண்டியது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இரண்டு முறை தகவல் அனுப்பவேண்டும் என்றாகிவிட்டதால், முன்பு போல ஒரு மாற்றத்தைப் பார்க்க ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. இப்போது 757. இந்த வருடம் அதே ஷோரூமில் லோன் போட்டு வண்டி எடுத்தோம். அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான்.

கார்டைப் பற்றிச் சொல்லவேண்டிய குறைகளும் உண்டு. எஃப்டியை அவசரத்துக்கு உடைக்க முடியாது, 2023-இல் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த 25,000 கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டவில்லை. கட்டாமல் விட்டால் வட்டி சாதாரண கார்டைப் போல மாதம் 3 சதவீதத்துக்கு மேல். ஈடு இருக்கிறதே என்று அசட்டையாக இருந்தால் எஃப்டியும் போகும், கட்டத்தில் எண்ணும் விழும்.

போன மாதம் எஃப்டி முதிர்ந்தது. "சாதாரண கார்டா மாத்திட்டு பணத்தை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்கள். லிமிட் ஒன்றரை லட்சமாம். ஒரு நிமிடம் யோசித்தேன். இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு, வருகிற வழியில் அந்தக் கார்டிலேயே 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன்.