கிளாஸ்டோர் தளத்தில் எதைப் படிக்க வேண்டும்?

வேலை மாற நினைப்பவர்கள் சம்பளத்தைப் பலரிடம் விசாரிக்கிறார்கள்; ஆனால் அந்த அலுவலகத்தில் பதவி உயர்வு உழைப்பவருக்குக் கிடைக்கிறதா, மேலாளருக்கு வேண்டியவருக்குக் கிடைக்கிறதா என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. 2008இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, நிறுவனங்களைப் பற்றி ஊழியர்கள் கருத்து எழுதும் கிளாஸ்டோர் தளம் இந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஊழியர்கள் தங்கள் பெயரை வெளியிடாமல் நிறுவனத்துக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் தந்து, நிறைகளையும் குறைகளையும் தனித்தனியே எழுதுகிறார்கள். பிறர் எழுதியவற்றை முழுமையாகப் படிக்க வேண்டுமானால் நாமும் நம் அனுபவத்தையோ சம்பள விவரத்தையோ தர வேண்டும் என்ற ஏற்பாடு சிலருக்கு எரிச்சலூட்டலாம். கோபத்தோடு வெளியேறியவர்கள் மட்டுமே எழுதும் இடமாகத் தளம் ஆகிவிடாமல் தடுப்பதால், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

லட்சக்கணக்கானோர் பணிபுரியும் நிறுவனத்தின் சராசரி நட்சத்திரம் பாரபட்சத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, ஏனெனில் பாரபட்சம் நடப்பது பத்துப் பேர் கொண்ட குழுவுக்குள். ஆகவே ஊரையும் பதவியையும் தேர்ந்தெடுத்து வடிகட்டி, குறைகள் பகுதியைப் பல ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் படியுங்கள். அப்ரைசல் எனப்படும் பணி மதிப்பாய்வுக்கு முன்பே மதிப்பீடு முடிவாகிவிடுகிறது, வாடிக்கையாளரின் இடத்துக்கே சென்று வேலை செய்யும் ஆன்சைட் வாய்ப்பு குறிப்பிட்ட சிலருக்கே போகிறது, ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயர் வாங்குகிறார் என்று வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பதவியில் இருந்தவர்கள் ஒரே கிளையைப் பற்றி எழுதியிருந்தால், அதை ஒருவரின் மனக்கசப்பு என்று தள்ளிவிட முடியாது. குறுகிய காலத்தில் குவிந்த, இரண்டே வரியில் முடியும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை.

நிறுவனத்தின் பொது முகமாக விளங்கும் உயர் தலைவர்களைத் தவிர வேறு யாருடைய பெயரையும் எழுதக் கூடாது என்பது தளத்தின் விதி. அவதூறைத் தடுக்க அது அவசியம்தான். ஆனால் தமக்கு வேண்டியவரைத் தூக்கிவிடுவதும் வேண்டாதவரை ஓரங்கட்டுவதும் பெரும்பாலும் இடைநிலை மேலாளர்கள் என்பதால், நாம் சேரப்போகும் குழுவின் நிலை கடைசி வரை தெரியாமலே போகிறது. சிறிய குழுவில் இருப்பவர்கள் அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பூசிமெழுகி எழுதுவதும் இயல்பு.

வளர்ச்சி வாய்ப்புக்கும் உயர் நிர்வாகத்துக்கும் தனி மதிப்பெண் இருந்தாலும், பதவி உயர்வுக்கென்று தனியாக இல்லை. இந்தியத் தளமான ஆம்பிஷன்பாக்ஸில் அது இருக்கிறது. இங்கே வேலை தேடுபவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.