ஹைடெக்கர்: தூக்கிப் போடவா, பிரிச்சுப் படிக்கவா?

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் நாஜியா இருந்தவரு, அதனால அவரு எழுதினத மொத்தமா தூக்கிப் போடணுமா, இல்ல ஆளையும் தத்துவத்தையும் பிரிச்சுப் படிக்கலாமான்னு ஒரு கேள்வி. பிரிச்சுப் படிக்கலாம்ங்கிற பக்கத்துக்கு நல்ல சாட்சி, ஜெர்மன் லாஜிக் அறிஞர் ஃப்ரேகதான். 1924 டைரில யூதர்கள் மேல வெறுப்பக் கொட்டி வச்சிருக்காரு மனுஷன், ஆனா 1879ல அவரு கொண்டுவந்த லாஜிக்க எடுத்துப் பாருங்க, "எல்லாம்", "சில"ன்னு குறிபோட்டு எழுதுற அந்த முறைல இந்த விஷம் ஒட்டவே இடமில்ல.

ஹைடெக்கர் கேஸ் அப்டி இல்லங்க. 1933 மே மாசம் நாஜி கட்சில சேந்தவரு 1945 வரைக்கும் வெளிய வரல, அதக்கூட பதவி ஆசைன்னு விட்டாலும், 2014லேந்து வெளிவந்த கருப்பு நோட்டுகள்ங்கிற அவரோட சொந்தக் குறிப்பேடுகள்ல யூத வெறுப்ப தன்னோட தத்துவ பாஷையிலயே எழுதிருக்காரே, அப்பறம் எங்கேந்து பிரிக்கிறது? 1927ல வந்த அவரோட முக்கியமான புக்கு "இருத்தலும் காலமும்", அதுலயே "மக்களோட விதி"ன்னு ஒரு இடம் வருது, பின்னாடி அவரு நாஜியானது தெரிஞ்சப்பறம் அத இப்ப சும்மா தாண்டிப் போக முடியல.

அதுக்காக மொத்தமா தூக்கிப் போடுன்னா அது ஓவர். சுத்தியல் கைல ஒழுங்கா ஓடுறவரைக்கும் கண்ணுலயே படாது, உடஞ்சாதான் ஒரு பொருளா முன்னாடி வந்து நிக்கும்னு அதே புக்குல சொன்னாரே, அது ஒரு நாஜி சொன்னதால பொய்யாயிடுமா என்ன?