கழன்று வந்த ஸ்டட்: நீலமா, சிவப்பா, புதிய மரையா?

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்ட் எஞ்சினின் நீர்ப்பம்பில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை மாற்ற வேண்டுமென்றால் கீழ்க் கியர்பெட்டியை இறக்கியாக வேண்டும். சில மாடல்களில் அந்தப் பெட்டியைக் காலோடு, அதாவது எஞ்சினின் நடுப்பகுதியோடு, சேர்த்துப் பிடிப்பவை போல்ட்டுகள். வேறு சிலவற்றில் ஸ்டட்டும் (இரு முனையிலும் மரை, அதாவது திருகுச் சுற்று, வெட்டிய தலையில்லாத தண்டு) நட்டும். இரண்டாவது வகையில்தான் சிக்கல். நட்டைக் கழற்றப் போனால் நட்டு அசையாது, ஸ்டட்டே அலுமினியத்திலிருந்து திரும்பி வெளியே வந்துவிடும். இலங்கை மலைநாட்டு நீர்நிலைகளான கிரகரி வாவியிலும் காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் ஓடும் படகுகளுக்கு இதை எப்படித் திரும்பப் பொருத்துவது என்பதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். கடலோர மெக்கானிக்குகள் சொல்லும் வழி மலைநாட்டின் நன்னீருக்கும் குளிருக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பதே என் கட்சி.

ஸ்டட் ஏன் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதன் இரு முனைகளும் இரண்டு இடங்களில் பிடித்திருக்கின்றன. ஒன்று நட்டுக்குள், மற்றது அலுமினியத் துளைக்குள். எந்தப் பிடி தளர்ந்ததோ அந்தப் பக்கம்தான் கழலும். நைலான் வளையம் வைத்த நட்டு இயல்பிலேயே இறுக்கமானது. உப்பும் துருவும் சேர்ந்தால் இன்னும் மோசம். நீர்கொழும்புப் பக்கம் ஓடிய பழைய எஞ்சினை வாங்கி மேலே கொண்டுவந்தால், அந்த உப்பும் மரைக்குள் ஒளிந்துகொண்டு கூடவே வருகிறது. இன்னொரு காரணம் அடி. வரட்சியில் மவுசாக்கலையின் நீர்மட்டம் இறங்கும்போது நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் சுவர்கள் வெளியே தெரியும். அவை தெரிவதற்குச் சில நாட்கள் முன்புதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அப்போது அவை தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதில் ஒருமுறை மோதினால் கியர்பெட்டி வாங்கும் அதிர்ச்சி முழுவதும் இந்த ஸ்டட்டுகளுக்குத்தான் போகும்.

ஆகவே திரும்பப் பொருத்தும்போது குறி ஒன்றுதான்: துளைப் பக்கத்துப் பிடி, நட்டுப் பக்கத்துப் பிடியைவிட எப்போதும் பலமாக இருக்க வேண்டும். எந்த வழியையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

மிகச் சோம்பலான வழி, நட்டோடு வந்த ஸ்டட்டை அப்படியே போல்ட்டைப் போலத் திருகி உள்ளே அனுப்புவது. ஸ்டட் எவ்வளவு ஆழம் போனது என்று தெரியாது. அடுத்த முறையும் அது இப்படியேதான் வெளியே வரும், அப்போது அலுமினிய மரையையும் சேர்த்து அரித்துக்கொண்டு. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

துளை மரை நன்றாக இருந்தால் ஸ்டட்டை மரைப்பூட்டுப் பசையால் பிடிக்கவைக்கலாம்; போட்டி நீலப் பசைக்கும் சிவப்புப் பசைக்கும் இடையில்தான். லொக்டைட் 242, 243 ஆகியவை நீலம், நடுத்தரப் பிடி. 271 சிவப்பு, கடும் பிடி. ஸ்டட் என்றாலே சிவப்பு என்று சொல்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்டட் நிரந்தரமாக நிற்க வேண்டிய பொருள், கழல வேண்டியது நட்டுத்தானே. கடலில் ஓடும் எஞ்சினுக்கு நானும் சிவப்பைத்தான் சொல்வேன், அங்கே நட்டு எப்படியும் துருப்பிடித்து இறுகும். ஆனால் சிவப்பை விடுவிக்க ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. ஸ்டட் வளைந்தோ அரைகுறையாக உடைந்தோ போன நாளில், பெயின்டும் எண்ணெய் சீலும் பக்கத்தில் இருக்கும் அலுமினியத்தில் அந்தத் தீயைக் காட்ட வேண்டியிருக்கும். நன்னீரில் மட்டும் ஓடும் படகுக்கு அந்தச் சங்கடத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை. நீலம் போதும், ஒரு நிபந்தனையோடு: நட்டுப் பக்கத்து மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, மெல்லிய படலமாக மரீன் கிரீஸ் பூசி, புதிய நட்டுப் போட வேண்டும். வருடத்தில் சில மாதம் திருகோணமலைக்கு இறக்கி ஓட்டும் படகென்றால் கணக்கு மாறிவிடும். அதற்குச் சிவப்பே சரி.

இங்கே குளிர் ஒரு கை பார்க்கிறது. இந்தப் பசைகள் காற்றில் உலர்வதில்லை; காற்று இல்லாத இடுக்கில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இறுகுகின்றன. போத்தலைத் தயாரிப்பாளர்கள் முழுதாக நிரப்பாமல் விற்பதும் அதனால்தான், ஏமாற்று அல்ல. முழுப் பிடிக்கு 24 மணி நேரம் என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 22 பாகை வெப்பநிலைக்கான கணக்கு. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்கும் நுவரெலியாக் காலையில் அந்தக் கணக்கு செல்லாது. துருப்பிடிக்காத எஃகு ஸ்டட்டாக இருந்தால் இறுகுவது இன்னும் தாமதமாகும்; அதற்கென விற்கும் முன்பூச்சைத் தடவினால் வேகம் கூடும். முடி உலர்த்தியால் துளையை இளஞ்சூடாக்கிவிட்டு வேலை செய்யலாம். அதன் பிறகும் இரண்டு இரவு விட்டுத்தான் நட்டை முறுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வார இறுதிக்குச் சுற்றுலாக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்றால் புதன்கிழமையே பெட்டியை இறக்குங்கள்.

பசையே வேண்டாம், இரு முனைக்கும் கிரீஸ் பூசினால் போதும் என்பவர்களும் உண்டு. அடுத்த முறை சுலபமாகக் கழலும் என்பது அவர்கள் வாதம். கழலும், ஸ்டட்டும் சேர்ந்து. செம்புத் துகள் கலந்த பசையை அலுமினியத்தில் பூசுவது அதைவிடக் கெடுதல். ஈரம் பட்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

ஸ்டட்டை உள்ளே திருப்ப வைஸ் கிரிப்பா (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு), இரட்டை நட்டா என்ற கேள்விக்கு விடை எளிது. இரண்டு சாதாரண நட்டுகளை ஸ்டட்டில் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிவிட்டால், வெளி நட்டைத் திருப்பி ஸ்டட்டை உள்ளே அனுப்பலாம், உள் நட்டைத் திருப்பி வெளியே எடுக்கலாம். வைஸ் கிரிப் மரையைக் கடித்துவிடும். அடி மூடிய துளையென்றால் பசையை ஸ்டட்டில் கொட்டாமல் துளையின் மரையில் தடவுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று பசையை வெளியே தள்ளிவிடும். பக்கத்து ஸ்டட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதே அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அடியில் முட்டவைத்து இறுக்கக் கூடாது. இழுவிசையைத் தர வேண்டியது நட்டு.

துளை மரையே போய்விட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. எபொக்சியை நிரப்பி ஸ்டட்டைச் செருகுவதை நான் வழியாகவே எண்ணவில்லை. மிஞ்சுவது இரண்டு: பெரிதாக்கிய துளைக்குள் திருகிப் பழைய அளவு மரையைத் தரும் கம்பிச்சுருள் செருகி, அல்லது லேத்தில் கடைந்த படி ஸ்டட், அதாவது துளைப் பக்கம் பருத்தும் நட்டுப் பக்கம் பழைய அளவிலும் இருப்பது. செருகிக்காரர்கள் தங்கள் முறை குறைந்த உலோகத்தையே வெட்டுகிறது என்பார்கள். எம் 10 ஸ்டட்டை, அதாவது மரையின் வெளிவிட்டம் 10 மில்லிமீற்றர் உள்ளதை, எடுத்துக்கொள்வோம். செருகிக்கு ஏறத்தாழ 10.4 மில்லிமீற்றர் துளை வேண்டும். அதில் வெட்டும் மரையின் வெளிவிட்டம் 12 மில்லிமீற்றரை நெருங்கும். படி ஸ்டட்டுக்கு 10.2 மில்லிமீற்றர் துளையில் எம் 12 மரை. அலுமினியச் சுவர் இழப்பது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, ஆகவே அந்த வாதம் நிற்காது.

உண்மையான வேறுபாடு வேறு. செருகிக்குத் தனி டேப்பும் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) செருகும் கருவியும் வேண்டும். படி ஸ்டட்டுக்கு நல்ல லேத் ஒன்றும் சாதாரண எம் 12 டேப்பும் போதும். தேயிலைத் தொழிற்சாலை உருளைகளுக்கும் உலர்த்திகளுக்கும் தண்டு கடைந்து பழகிய லேத் பாஸ்மார் மலைநாட்டில் உண்டு; அவர்களுக்கு இது சிறு வேலை. மாதிரிக்கு நல்ல ஸ்டட் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், நட்டுப் பக்கத்து மரை நுண்மரையா என்பதையும் அளந்து சொல்லுங்கள். செருகிக்குள் போட்ட ஸ்டட் மறுபடி கழலும்போது சுருளையும் இழுத்துக்கொண்டு வரலாம். படி ஸ்டட்டில் அந்த இடைத்தரகர் இல்லை. இங்கே என் ஓட்டு படி ஸ்டட்டுக்கே. ஒரே ஒரு விலக்கு: துளை கியர்பெட்டியில் இல்லாமல் எஞ்சினின் காலில் இருந்து, துளைக்கருவியை நேராகப் பிடிக்க இடமில்லை என்றால், கையால் வழிகாட்டிப் பயன்படுத்தக்கூடிய செருகிப் பெட்டியை இரவல் வாங்குவது மேல். சாய்ந்து போன எம் 12 மரையைத் திருத்த அதன் பிறகு சுவரில் உலோகம் மிச்சமிருக்காது.

நட்டை இறுக்கும் அளவை அந்தந்த எஞ்சினின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும், அதையும் டோர்க் ரென்ச்சால். அந்த அளவு உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் கிரீஸ் பூசிய மரையில் அதே அளவுக்கு இறுக்கும்போது ஸ்டட் கூடுதலாக இழுபடும். கொஞ்சம் குறைத்துப் பிடிக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும், மற்ற நட்டுகளையும் சேர்த்து ஒருமுறை ரென்ச் வைத்துப் பாருங்கள்.