டீசல் ஊறிய மண்: அள்ளி அனுப்புவதா, அங்கேயே வைத்துத் தேற்றுவதா?

ஜெனரேட்டருக்காகப் புதைத்த டீசல் டேங்க் கசிகிறது என்று தெரிந்ததும் பல தொழிற்சாலைகளில் முதல் போன் பொக்லைன்காரருக்குத்தான் போகும். குழி தோண்டு, டிப்பரில் ஏற்று, புது மண் கொட்டு, மேலே சிமென்ட் பூசு. சட்டென்று முடிந்துவிடும் என்பதுதான் இதன் பலம். இடத்தை உடனே விற்க வேண்டும், கட்டடம் எழுப்ப வேண்டும் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் எண்ணெய் அதிகம் ஊறிய மண் அபாயக் கழிவு. கண்ட இடத்தில் கொட்ட முடியாது. சென்னைப் பக்கம் என்றால் கும்மிடிப்பூண்டியில் அதற்கென்றே உள்ள கிடங்குக்குப் போக வேண்டும். டன் கணக்கில் கட்டணம், லாரி வாடகை தனி. இவ்வளவு கொடுத்தும் மாசு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

தோண்டிய மண்ணை வளாகத்திலேயே குவித்து நுண்ணுயிர்களை விட்டுத் தின்ன வைப்பது அடுத்த வழி. அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, குவியலுக்குள் ஓட்டை போட்ட பிவிசி குழாய்கள், காற்றுக்கு ஒரு புளோயர். டீசலில் கார்பன் ஏராளம், நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடையாது. அதற்கு யூரியா, டிஏபி. மண் இறுகாமலிருக்கத் தென்னை நார்க்கழிவு. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களே பெரும்பாலும் போதும், சில மாதங்களில் டீசல் நன்றாகக் குறையும். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் இந்த வேலை படுத்துவிடும், நம் வெயிலில் அந்தக் கவலை இல்லை. கவலை மழைதான், தார்ப்பாய் கிழிந்தால் குவியல் சேறாகி, காற்றே உள்ளே போகாது.

மூன்றாவது, தோண்டாமலே துளை போட்டு, அடியில் இருக்கும் பாக்டீரியாக்கள் அங்கேயே டீசலைத் தின்ன மெதுவாகக் காற்றை உள்ளே செலுத்துவது. டேங்குக்கு மேலே ஷெட் நிற்கிறதென்றால் இதுதான் கைகொடுக்கும். பெட்ரோல் என்றால் ஆவியை உறிஞ்சியே எடுத்துவிடலாம், டீசல் அப்படி எளிதில் ஆவியாகாது. மணலில் அருமையாக நடக்கும். களிமண்ணில் காற்று கிடைத்த வெடிப்பு வழியே ஓடிவிடும், எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபர்னஸ் ஆயில் மாதிரி கனமான சரக்குக்கு இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

ஆக, எது மேல் என்பதைச் சொல்ல வேண்டியது மண். அதனால்தான் ஆய்வுச் செலவில் கைவைப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. துளையிலிருந்து வரும் மண்ணை அடிவாரியாக எடுத்து, ஜிப் வைத்த பையில் பாதி நிரப்பி, சற்று நேரம் வைத்து, உள்ளே சேர்ந்த ஆவியைக் கைமீட்டரால் அளப்பார்கள். பழுப்பு மண் திடீரென்று சாம்பல் பச்சையாகும் இடத்தில் மீட்டர் எகிறும். பெரும்பாலும் அது நிலத்தடி நீர் மட்டத்தை ஒட்டி இருக்கும், காரணம் டீசல் தண்ணீரில் மிதக்கும். மழைக்காலத்தில் நீர் மட்டம் ஏறி, கோடையில் இறங்கும்போது எண்ணெயையும் கூடவே இழுத்து ஒரு பட்டையாகப் பூசிவிடும். மே மாதத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் பாதிக் கதைதான் தெரியும்.

எண்ணெய் நீருக்குள் பரவிவிட்டால் மேலே சொன்ன மூன்றும் தனியாகப் போதாது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய் சுண்ணாம்புக்கல் நிலத்தடி வழியே வீட்டுக் கிணறுகளுக்குப் போனது. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்ன பிரச்சினை அது. வெடிப்பும் பொந்துமான பாறையில் எதைத் தோண்டுவது?

டீசல், நீர் மட்டம் ஆழம், வளாகத்தில் காலி இடம் என்றால் என் ஓட்டு குவியலுக்கு. ஒன்று மட்டும்: முதல் சில மாதங்களில் அளவு மளமளவென இறங்கும், பிறகு கனமான மிச்சம் நகரவே நகராது. அந்தக் கட்டத்தில் ஒப்பந்ததாரர் குவியலின் மேல் மண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடுவயிற்றிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், காற்று கடைசியாகப் போகும் இடம் அதுதான்.